பதினோராம் விதியும் ஆறுமுகத்தின் லாரியும்

போன மாதம் கவிதா கைப்பேசியில் அழைத்தாள். ரிங்லெட்டுக்கு மேலே இருக்கும் எங்கள் தாமான் என்ற வீட்டுக் குடியிருப்பின் நிர்வாக அலுவலகத்தில், பல வருடங்கள் நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள். பதினோராம் விதியைத் தளர்த்தச் சொல்லிக் குடியிருப்பாளர்கள் மனு கொடுத்திருக்கிறார்களாம். பழைய கோப்பை எடுத்துப் பார்த்திருக்கிறாள்.

"ஆன்ட்டி, இந்த ஃபைல்ல எல்லாமே ஒரிஜினல். ஒரே ஒரு பேப்பர் மட்டும் ஃபோட்டோகாப்பி. அது ஏன்?"

"நேர்ல வந்து சொல்றேம்மா" என்றேன். பிறகு யோசித்ததில் எழுதிக் கொடுப்பதே நல்லது என்று பட்டது. நேரில் சொன்னால் எனக்குச் சங்கடமான இடங்களைத் தாண்டிப் போய்விடுவேன்.

என் அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் இலை வாட்டும் தட்டுகளில் வேலை பார்த்தவர். நான் அதே தோட்டத்தின் அலுவலகத்தில் கிராணியாக இருந்தேன். வேலைக்கு வந்தவர்களுக்குப் பேர் போடுவது, விடுப்புக் குறிப்பது, துரைக்குக் கடிதம் தட்டச்சு செய்வது. தோட்டம் ஒரு சரிவை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றபோது, ஆட்களைத் தெரிந்த ஒருத்தி வேண்டும் என்று கம்பெனி என்னை எடுத்துக்கொண்டது. ஈப்போவில் இரண்டு வாரம் பயிற்சி. கோபமாக வருகிறவரிடம் எப்படிப் பேசுவது, எச்சரிக்கைக் கடிதம் எப்படி எழுதுவது, கார்ச் சக்கரத்துக்கு எப்படிப் பூட்டுப் போடுவது. பயிற்சி அவ்வளவுதான்.

வீடு வாங்கியவர்களில் பாதிப் பேர் எங்கள் தோட்ட லயத்துக் குடும்பங்கள். மற்றவர்கள் மலைக்குக் கீழே கீழ்நாட்டிலிருந்து சனி ஞாயிறுக்கு வந்து தங்குகிறவர்கள். விற்பனை ஒப்பந்தத்தோடு நாற்பது பக்கத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பத்திரமும் இணைந்திருந்தது. வீட்டு முகப்பின் நிறத்தை மாற்றக்கூடாது. முன்னால் இருக்கும் சிறு துண்டு மண்ணில் காய்கறி போடக்கூடாது. தெருவைப் பார்த்துத் துணி உலர்த்தக்கூடாது. காரைத் தெருவின் ஒரு பக்கத்தில்தான் நிறுத்தலாம். பதினோராம் விதி, ஒரு டன்னுக்கு மேல் பாரம் ஏற்றும் எந்த வாகனமும் கேட்டுக்குள் நிற்கக்கூடாது என்றது. இதையெல்லாம் யாரும் படிக்கவில்லை. வக்கீல் விரல் வைத்த இடத்தில் கையெழுத்துப் போட்டார்கள். சாவி கிடைத்த சந்தோஷம்.

முதல் எச்சரிக்கைக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "லயத்துல இருந்தப்பவாச்சும் தொரையப் போயி நேர்ல பாத்துப் பேசலாம் கிராணிம்மா. இங்க யாருகிட்டப் பேசறது? பேப்பருகிட்டயா?"

எங்கள் மேலாளர் தனபாலன் சார் முன்பு நில அளவையாளராக இருந்தவர். ஈப்போக்காரர். மதியத்திலும் கம்பளிச் சட்டையைக் கழற்றமாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு மஞ்சள் அளவு நாடா இருக்கும். யாராவது புகார் சொன்னால் உடனே கோபப்படவும் மாட்டார், சமாதானமும் சொல்லமாட்டார்.

"ஸ்டெல்லா, முதல்ல விதியப் படிங்க" என்பார்.

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த விதியாக இருந்தாலும் பத்திரத்தைத் திறந்து அந்தப் பத்தியைச் சத்தமாக வாசிக்க வேண்டும். ஞாபகத்திலிருந்து சொன்னால் நம் வசதிக்கு ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொள்வோம் என்பது அவர் எண்ணம். வாசித்து முடித்ததும் குடையை எடுத்துக்கொண்டு அந்த இடத்துக்குப் போக வேண்டும். மழையோ பனிமூட்டமோ அவருக்குப் பொருட்டில்லை. போய், அளந்து, படம் எடுத்து, அங்கே நின்றே குறிப்பு எழுதி, அதற்குப் பிறகுதான் பூட்டு. "ஆபீஸ்ல உக்காந்துகிட்டு யாரோட வண்டியையும் பூட்டக்கூடாது" என்று முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டார்.

எனக்கு அந்த விதிகளின்மேல் நம்பிக்கை வந்தது ஒரு கல்யாணத்தில். மூன்றாம் வரிசையில் ஒரு வீட்டார் தெருவை அடைத்துப் பந்தல் போட்டுவிட்டார்கள். சார் நாடாவோடு போனார். நான் கூடப் போனேன். மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்குகிற நேரம். பெண்ணின் மாமா எங்களை முறைத்தார்.

"ஒரு நாள் தான சார்? விட்டுடுங்கலா."

"கல்யாணம் நடக்கட்டும். பந்தக்காலு மட்டும் இங்கேருந்து அங்க தள்ளிப் போகணும்" என்று சார் தாமே குனிந்து சுண்ணாம்புக்கட்டியால் ரோட்டில் கோடு போட்டார். மூன்றரை மீட்டர். சமையல்காரர்கள் முணுமுணுத்துக்கொண்டே கால்களைப் பிடுங்கி நட்டார்கள். அன்று மத்தியானம் கடைசி வீட்டுப் பிலோமினா அக்காவுக்கு நெஞ்சுவலி வந்தது. ஆம்புலன்ஸ் அந்தக் கோட்டுக்குள்தான் நுழைந்து போனது. இரண்டு பக்கமும் ஒரு முழம் அளவுக்குத்தான் இடம் மிச்சம். அக்கா பிழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு யாராவது விதியைப் பற்றிக் குறை சொன்னால் நான் அந்த மூன்றரை மீட்டரைச் சொல்வேன். நிறையப் பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஆறுமுகத்திடமும் சொன்னேன்.

ஆறுமுகம் எங்கள் தோட்டத்தில் இலை லாரி ஓட்டியவர். தோட்டத்தை விட்ட பிறகு சொந்தமாக ஒரு மூன்று டன் லாரி வைத்துக்கொண்டு லெம்பா பெர்த்தாமிலிருந்து முட்டைக்கோசும் தக்காளியும் ஏற்றிக் கீழே கொண்டுபோனார். மனைவி பார்வதி பிரிஞ்சாங்கில் ஒரு ஹோட்டலில் துணி வெளுக்கும் பகுதியில் வேலை. ஒரே மகள் யாழினி, மலைக்குக் கீழே ஓர் ஊரில் படித்துக்கொண்டிருந்தாள். ஆறுமுகம் அதிகம் பேசாத மனிதர். அந்த லாரியின் முன்கண்ணாடியை வேலை முடிந்து வந்ததும் துடைப்பார். மறுநாள் புறப்படும் முன்பும் துடைப்பார்.

லாரி கேட்டுக்குள் வரக்கூடாது என்று நான்தான் அவருக்குக் கடிதம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்தார்.

"அப்ப எங்க வைக்கறது கிராணிம்மா? மெயின் ரோட்டுல வெச்சா போலீசு சம்மன் போடுவான்."

"கீழ பழைய மிசின் நிறுத்தற எடம் இருக்குல்ல, அங்க வெச்சுக்குங்க. மத்த லோரியெல்லாம் அங்கதான நிக்குது."

கேட்டுக்கு வெளியே, வீடு கட்டும்போது மண்வெட்டி இயந்திரங்களை நிறுத்தி வைத்திருந்த வெற்றிடம் அது. ரோட்டுக்காக மலையைச் செங்குத்தாக வெட்டியதில் கிடைத்த சமதளம். வெட்டிய மேட்டுக்கு மேலே பிளாஸ்டிக் கூரை போட்ட காய்கறித் தோட்டம். ஆறுமுகம் மறுபேச்சுப் பேசாமல் அன்றே லாரியை அங்கே கொண்டுபோனார். மூன்று வருடம் அங்கேயே நிறுத்தினார்.

மூன்றாம் வருடம் மழைக்காலம் சீக்கிரமே வந்துவிட்டது. ஒரு நாள் காலையில் ஆறுமுகம் தொப்பியைக் கையில் பிடித்தபடி அலுவலக வாசலில் நின்றார்.

"உள்ள வாங்கண்ணே."

"காலெல்லாம் சேறு. இங்கயே நிக்கறேன். அந்த மேட்டுல நடுவுலேருந்து தண்ணி வருது கிராணிம்மா. மழ விட்டாலும் வருது. நேத்துலேருந்து மஞ்சளா வருது. யாருகிட்டயாவது சொல்லணும்."

அவருக்கு மலாய் பேச வரும், எழுத வராது. அவர் சொல்லச் சொல்ல நானே புகாரை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கினேன். சார் வழக்கம்போலக் குடையோடு கிளம்பினார். மேட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு புல்லை விலக்கி எல்லைக்கல்லைக் கண்டுபிடித்து அங்கிருந்து நாடாவைப் பிடித்தார்.

"நம்ம எல்ல இந்தக் கல்லோட முடியுது. மேடு நமக்கு வெளிய."

"அதுக்கு என்ன சார் எழுதறது?"

"எல்லைக்கு வெளியே, நம் நடவடிக்கை இல்லைன்னு எழுதுங்க. மேலிடத்துக்கு ஒரு காப்பி அனுப்புங்க."

எழுதினேன். அனுப்பினேன். பதில் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் ஒரு வியாழக்கிழமை. சார் ஈப்போவுக்குக் கூட்டத்துக்குப் போயிருந்தார். காலையிலிருந்தே மழை. பதினொரு மணிக்கு ஒரு குடியிருப்பாளர் போன் செய்தார். இரண்டாம் வரிசையில் ஆறுமுகத்தின் லாரி நிற்கிறது, தன் காரை வெளியே எடுக்க முடியவில்லை என்றார். அரை மணியில் இன்னொருவர். "ரூல்ஸ் எங்களுக்கு மட்டும்தானா?" என்று அவர் கேட்ட விதம் எனக்குக் கோபத்தை உண்டாக்கியது. தோட்டத்து ஆட்களுக்கு நான் சலுகை காட்டுகிறேன் என்று முன்பே ஒரு பேச்சு இருந்தது. நான் எழுந்து வெளியே போகவில்லை. கேட்டில் நிற்கும் நேபாளக் காவலர் தாப்பாவைக் கூப்பிட்டுப் பூட்டுப் போடச் சொன்னேன். நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே சொன்னேன்.

இரண்டு மணி வாக்கில் ஆறுமுகம் வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"கிராணிம்மா, பூட்டு போட்டிருக்காங்க."

"தெரியுண்ணே. நான்தான் போடச் சொன்னேன். ஏன் உள்ள கொண்டாந்தீங்க?"

"கீழ தண்ணி ரொம்ப வருது. மண்ணும் சேந்து வருது. மத்த ரெண்டு லோரியும் இன்னக்கி கீழ்நாட்டுலயே நின்னுடுச்சி. என்னது மட்டுந்தான். இன்னக்கி ஒரு நாளு இங்க நிக்கட்டுமே. மழ விட்டதும் எடுத்துடறேன்."

"நான் உங்களுக்கு விட்டா நாளைக்கு எல்லாரும் கேப்பாங்கண்ணே. அந்தக் கல்யாணத்துல என்ன ஆச்சு, ஆம்புலன்ஸ் எப்படிப் போச்சு, உங்களுக்கே தெரியும்ல."

அவர் நின்ற இடத்தில் தண்ணீர் தேங்கியிருந்தது. அதை மிதியடியில் துடைக்கப் பார்த்தார்.

"சரி. மன்னிச்சுக்குங்க. எடுத்துடறேன்."

பூட்டை எடுப்பதற்கு முன் உறுதிமொழித் தாளில் கையெழுத்து வாங்க வேண்டும். வாகனத்தை உடனே கேட்டுக்கு வெளியே கொண்டுபோவேன், இனி உள்ளே நிறுத்தமாட்டேன் என்று மலாயில் அச்சடித்திருக்கும். நேரம் எழுதும் இடத்தில் இரண்டு பத்து என்று நான் எழுதினேன். அவர் ஈரக் கையால் கையெழுத்துப் போட்டதில் மை பரவிவிட்டது. அதற்கும் மன்னிப்புக் கேட்டார்.

நாற்பது நிமிடம் இருக்கும். பெரிய சத்தம் எதுவும் கேட்கவில்லை. பாரத்தைத் தரையில் இழுப்பது போல ஒன்று கேட்டது, உடனே நின்றுவிட்டது. தாப்பா மழைக்கோட்டு இல்லாமல் ஓடி வந்தான்.

"காக்கா, தானா ருந்து."

அவன் மலாயில் சொன்னது: அக்கா, மண் சரிந்துவிட்டது. நான் கேட்டைத் தாண்டி ஓடினேன். மேடு இருந்த இடத்தில் மேடு இல்லை. பிளாஸ்டிக் கூரைத் துண்டுகளும் முட்டைக்கோசும் செம்மண்ணோடு கலந்து ரோடுவரை வந்திருந்தன. லாரியின் பின்பலகையின் ஒரு முனை மட்டும் தெரிந்தது. ஆறுமுகம் லாரியைப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டுச் சக்கரத்துக்குக் கல் வைக்கக் குனிந்திருந்தார் என்று தாப்பா சொன்னான். நாங்கள் கையால் தோண்டினோம். தெருக்காரர்கள் எல்லாரும் வந்தார்கள். காலையில் போன் செய்த இரண்டு பேரும் வந்து தோண்டினார்கள். இயந்திரம் வந்து அவரை எடுத்தபோது பொழுது சாய்ந்திருந்தது.

பார்வதி பிரிஞ்சாங்கிலிருந்து வந்தபோது ஹோட்டல் சீருடையிலேயே இருந்தார். அழவில்லை. வருகிற ஒவ்வொருவரிடமும் ஒன்றையே சொன்னார்.

"நான்தான் சொன்னேன். காலைல வேலைக்குப் போறப்ப, அக்கம்பக்கத்துல மொறைக்கறாங்க, லோரியக் கீழ கொண்டு போயி வையுங்கன்னு நான்தான் சொல்லிட்டுப் போனேன். எம் பேச்சக் கேட்டுத்தான் போனாரு."

என்னிடமும் சொன்னார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பூட்டைப் பற்றிச் சொல்லவில்லை.

பூட்டு விஷயம் தாப்பாவுக்கும் எனக்கும் மட்டும்தான் முழுதாகத் தெரியும். புகார் செய்த இருவரும் தாங்கள் போன் செய்ததை வெளியே சொல்லவில்லை. தாப்பா ஒப்பந்தம் முடிந்து அந்த மாதமே நேபாளத்துக்குப் போய்விட்டான். உறுதிமொழித் தாள் என் மேசைமேல் இருந்தது. அதைக் கோப்பில் சேர்க்காமல் கைப்பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். சேலைகளுக்கு அடியில் வைத்தேன். இதைத் திருட்டு என்று எனக்குள் சொல்லிக்கொள்ள எனக்குப் பல நாள் பிடித்தது. அதுவரை, கொஞ்சம் சூடு ஆறட்டும், அப்புறம் சேர்த்துவிடலாம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஈப்போவிலிருந்து திரும்பிய சார் நேராக அந்த இடத்துக்குப் போனார். நாடா கையில் இருந்தது. அவர் அதைப் பிரிக்கவில்லை. அலுவலகத்துக்கு வந்து கோப்பைப் பார்த்தார். புகாரையும் அதன் கீழே நான் எழுதிய குறிப்பையும் படித்தார். "இது இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் போனது. ஞாயிறு ஆராதனைக்குப் போவேன், வருவேன். பார்வதி வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். யாழினி பரீட்சை எழுதவில்லை. ஒரு நாள் மருந்துக்கடையில் யாழினியைப் பார்த்தேன். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"தூங்கறதில்ல ஆன்ட்டி. என் நாக்குதான் கொன்னுடுச்சின்னு சொல்லிக்கிட்டே இருக்காங்க. எங்கிட்டகூட மொகம் குடுத்துப் பேச மாட்றாங்க."

அன்று சாயங்காலம் தாளை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். பார்வதி அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். தாளை அவர் முன்னால் வைத்தேன்.

"எனக்கு மலாய் படிக்க வராது. என்னா இது?"

நான் வாசித்துத் தமிழில் சொன்னேன். நேரத்தையும் வாசித்தேன். பூட்டு, அவர் வந்து நின்றது, நான் மறுத்தது எல்லாவற்றையும் சொன்னேன். பார்வதியின் கை அரிசிக்குள்ளேயே இருந்தது.

"அப்ப எம் பேச்சக் கேட்டுப் போகல?"

"இல்ல. நீங்க சொல்லிட்டுப் போன பெறகும் அவரு லோரிய எடுக்கவேயில்ல. உள்ளதான் வெச்சிருந்தாரு. நான்தான் போகச் சொன்னேன்."

"மண்ணு வருதுன்னு சொன்னாரா உங்ககிட்ட?"

"சொன்னாரு."

அவர் அடுப்படிப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டார். யாழினி வந்து நின்றாள்.

"இவகிட்டயும் சொல்லுங்க. மொதல்லேருந்து சொல்லுங்க."

சொன்னேன். இரண்டாவது முறை சொல்லும்போது என்னால் எதையும் மழுப்ப முடியவில்லை. யாழினி சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் பார்வதி அந்தத் தாளை மடித்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

"ரெண்டு மாசமா இது எங்க இருந்திச்சி?"

"எங்க வீட்ல."

அவர் தலையாட்டினார். பிறகு எழுந்துபோய் யாழினியின் தோளைப் பிடித்துக்கொண்டு அழத் தொடங்கினார். நான் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். யாரும் என்னைப் பார்க்கவில்லை. நானே கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

மறுநாள் சாரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். தாளை அவரிடம் கொடுக்க என்னிடம் இல்லை. நான் கேட்டதால் அன்று காலை யாழினி கடையில் எடுத்துக் கொடுத்த நகலைக் கொடுத்தேன். கவிதா கேட்டது அந்த நகலைத்தான். சார் அதைப் படித்தார்.

"நீங்க எடத்தப் போய்ப் பாத்தீங்களா?"

"இல்ல சார். மழை."

அவர் பேனாவை எடுத்து, நகலின் கீழே, தம் கையெழுத்தில், 'இடம் நேரில் பார்க்கப்படவில்லை' என்று எழுதி, தேதியிட்டுக் கோப்பில் சேர்த்தார். அதற்குமேல் என்னைத் திட்டவில்லை. என்னை வேலையிலிருந்து எடுக்க வேண்டும் என்று மேலிடத்துக்கு எழுதியிருப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் தம்மை மாற்றச் சொல்லி எழுதியிருந்தார். அந்த வருடக் கடைசியில் போய்விட்டார்.

மரண விசாரணை தானா ராத்தா நீதிமன்றத்தில் நடந்தது. பார்வதி அசல் தாளைக் கொடுத்தார். என்னைக் கூப்பிட்டார்கள். கம்பெனியின் வக்கீல் இளைஞர், மரியாதையாகப் பேசினார். பூட்டு எடுத்த பிறகு அந்த ஓட்டுநர் லாரியை எங்கே வேண்டுமானாலும் கொண்டுபோயிருக்கலாம், அந்த இடத்துக்குத்தான் போக வேண்டும் என்று தாளில் இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். வேறு இடமே கிடையாது என்று சொல்லத் தொடங்கினேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள் என்றார்கள். அப்புறம் புகாரின் கீழே நான் எழுதிய வரியை வாசிக்கச் சொன்னார். எல்லைக்கு வெளியே, நம் நடவடிக்கை இல்லை. அந்த வரி என்னை மாட்டிவிடும் என்று எத்தனையோ இரவு பயந்திருந்தேன். அதுதான் கம்பெனியைக் காப்பாற்றியது. மேடு கம்பெனியுடையது அல்ல, வெற்றிடமும் கம்பெனியுடையது அல்ல. யார்மேலும் குற்றம் இல்லை என்று முடிந்தது.

வெளியே வந்தபோது பார்வதி பஸ் நிறுத்தத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தார். யாழினி வேலைக்குச் சேர்ந்திருந்த புதிது, லீவு கிடைக்கவில்லை. நான் காரை நிறுத்தினேன். ஏறமாட்டார் என்று நினைத்தேன். ஏறினார். எங்கள் தாமானுக்குத் திரும்பும் இடத்தில் சொன்னார்.

"இங்க எறக்கி விடுங்க."

அந்த வெற்றிடம். மண்ணை அள்ளி, மேட்டுக்குச் சிமெண்டு பூசி, வேலி போட்டிருந்தார்கள். பார்வதி இறங்கி வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தூறல் ஆரம்பித்தது. என்னிடம் குடை இருந்தது. இறங்கிப் போய் அவர் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று கதவைத் திறந்தேன். அப்போதுதான் வேலியில் புதிதாக மாட்டியிருந்த பலகையைப் பார்த்தேன். இங்கே வாகனம் நிறுத்தக்கூடாது என்று மூன்று மொழியில் எழுதியிருந்தது. பின்னால் ஒரு கார் வந்து ஹாரன் அடித்தது. நான் கதவைச் சாத்தி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.